விமானம் ஏன் சாய்ந்து திரும்புகிறது?

பள்ளி விடுமுறையில் முதன்முறையாக விமானத்தில் போய்வந்த என் மாணவர் ஒருவர் கேட்டார்: “சார், கார் சாயாமலேயே வளைவில் திரும்புகிறது. விமானம் மட்டும் ஏன் இறக்கையை அப்படிச் சாய்க்கிறது? பயந்தே போய்விட்டேன்.”

நல்ல கேள்வி. நூறு ஆண்டுகளுக்கு முன் பிரான்சில் விமானம் செய்த பலருக்கே இதற்குப் பதில் தெரியாமல் இருந்தது.

லூயி பிளேரியோ, கார்களுக்கு முகப்பு விளக்கு செய்து விற்றுப் பணம் சேர்த்த பொறியாளர். அந்தப் பணத்தை விமானங்களில் கொட்டினார். 1905-இல், கேப்ரியல் வுவாசேன் அவருக்காகச் செய்த கிளைடரை சேன் ஆற்றில் ஒரு மோட்டார் படகு கட்டி இழுத்தது. கிளைடர் மேலெழுந்தது, உடனே ஒரு பக்கமாகச் சரிந்து ஆற்றில் விழுந்தது. அதை ஓட்டிய வுவாசேன் உள்ளே சிக்கி, மூழ்கிப்போகாமல் தப்பியதே பெரிது.

அதற்குப் பிறகும் வுவாசேன் சகோதரர்கள் செய்த விமானங்களில் பக்கவாட்டுச் சரிவைக் கட்டுப்படுத்த எந்தக் கருவியும் இல்லை. விமானத்தைக் கப்பல்போல நினைத்தார்கள்; சுக்கானைத் திருப்பினால் போதும், இறக்கை மட்டமாகவே இருக்கட்டும் என்பது அவர்கள் எண்ணம். 1908 ஜனவரி 13-இல் ஆன்ரி ஃபார்மன் அத்தகைய ஒரு விமானத்தில் பாரிஸ் அருகே ஒரு கிலோமீட்டர் சுற்றி வந்து பரிசு வென்றார். ஆனால் அந்தத் திருப்பம் மிக அகலமானது, வழுக்கிக்கொண்டே போனது.

ஏன் வழுக்கியது? வளைந்து செல்லும் எந்தப் பொருளுக்கும் மையத்தை நோக்கி இழுக்கும் விசை வேண்டும். காருக்கு அதைத் தருவது டயருக்கும் சாலைக்கும் இடையிலான உராய்வு. காற்றில் சாலை ஏது? சுக்கான் மூக்கைத்தான் திருப்பும். விமானம் பெரும்பாலும் பழைய திசையிலேயே போகப் பார்க்கும். இறக்கையைச் சாய்த்தால் நிலைமை மாறுகிறது. இறக்கைக்குச் செங்குத்தாகச் செயல்படும் தூக்குவிசையும் கூடவே சாய்கிறது. அதன் ஒரு பகுதி எடையைத் தாங்க, மற்றொரு பகுதி விமானத்தை வளைவின் உள்பக்கம் இழுக்கிறது.

1908 ஆகஸ்ட் 8 அன்று அமெரிக்கரான வில்பர் ரைட், லெ மான் நகரருகே ஒரு குதிரைப் பந்தயத் திடலில் பறந்து காட்டினார். இரண்டு நிமிடம்கூட இல்லை. ஆனால் இறக்கை நுனிகளை முறுக்கி, விமானத்தை வேண்டுமென்றே சாய்த்து, அழகாகத் திரும்பினார். பார்த்தவர்களில் பிளேரியோவும் ஒருவர். என்னைக் கேட்டால், அவருடைய பெருமை அடுத்துச் செய்ததில்தான் இருக்கிறது: கௌரவம் பார்க்காமல் அந்த முறையைத் தம் 11-வது விமானத்தில் சேர்த்துக்கொண்டார்.

இதை நீங்களே சோதிக்கலாம். காகித விமானம் ஒன்றில் இடது இறக்கையின் பின்விளிம்பைச் சற்று மேலேயும், வலது இறக்கையினதைக் கீழேயும் மடித்து எறியுங்கள். இடப்பக்கம் தூக்குவிசை குறையும், வலப்பக்கம் கூடும். விமானம் இடப்பக்கம் சாயும்.

பிளேரியோவின் அந்த 11-வது விமானத்தில் இருந்தது 25 குதிரைத்திறன் என்ஜின். இன்றைய சிறிய காரின் சக்தியில் பாதிகூட இல்லை. 1909 ஜூலை 25 அதிகாலை, திசைகாட்டி இல்லாமல், காயம்பட்ட காலுடன் அவர் கலே அருகிலிருந்து கிளம்பி ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். நடுவில் சில நிமிடங்கள் கரையும் தெரியவில்லை, துணைக்கு வந்த கப்பலும் தெரியவில்லை. சுமார் 37 நிமிடத்தில் டோவர் கோட்டை அருகே, பலத்த காற்றில் மோதியபடி இறங்கினார். சக்கரச் சட்டமும் உந்துசுழலியும் உடைந்தன, அவர் பிழைத்தார்.

இறக்கையை முறுக்கும் முறை நீண்ட நாள் நிலைக்கவில்லை. விமானங்கள் கனமாக, வேகமாக ஆக, விறைப்பான இறக்கை தேவைப்பட்டது. ஃபார்மன் 1908-லேயே தம் விமானத்தின் இறக்கை விளிம்புகளில் கீல் வைத்த மடிப்புப் பலகைகளைப் பொருத்தியிருந்தார். அந்த முறைதான் நிலைத்தது. அவற்றின் பெயர் ‘ஏலரான்’. பிரெஞ்சு மொழியில் ‘சிறு இறக்கை’ என்று பொருள். என் மாணவர் ஜன்னல் வழியே பார்த்துப் பயந்தபோது, இறக்கை நுனிக்கு அருகில் மேலும் கீழும் அசைந்துகொண்டிருந்தது அதுதான்.