பினாங்கில் ஒரு பகல்

வெளிநாட்டுப் பயணம் என்றதும் நம் குடும்பங்களில் முதலில் எழும் கேள்வி, "அங்கே சாப்பாட்டுக்கு என்ன செய்வது?" என்பதுதான். துணிமணிக்கு முன்பாகவே புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் பெட்டியில் இடம்பிடித்துவிடும். புனித அன்னம்மாள் திருவிழாவுக்காகச் சென்ற சூலை மாதம் மலேசியாவுக்குப் புறப்பட்ட என் அண்ணன் குடும்பத்தாரும் அவ்வாறே செய்தார்கள். துணைக்கு அடியேனும் சென்றேன். 78 வயதான எங்கள் அம்மாவும் வந்தார்கள்.

அம்மா வந்ததற்குத் திருவிழா மட்டுமே காரணமன்று. தருமபுரி சேலம் ஜில்லாவோடு சேர்ந்திருந்த காலத்தில், ரப்பர் தோட்ட வேலைக்கு மலாயா சென்றவர் அவர்களுடைய தந்தையார். நாகப்பட்டினத்தில் 'ரஜுலா' கப்பலேறி, ஐந்தாறு நாள் கடலில் கிடந்து, பினாங்கில் இறங்கினாராம். 1926இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் 1970களின் தொடக்கம் வரை எத்தனை ஆயிரம் தமிழரைச் சுமந்ததோ! இன்று பெங்களூரில் விமானம் ஏறினால் நான்கு மணி நேரத்தில் கோலாலம்பூர்.

அம்மா சிறுமியாக இருந்தபோது ஊர் திரும்பிய தாத்தா, ஒரு பழத்தைப் பற்றி ஓயாமல் சொல்லுவாராம். வெளியே பலாவைப் போல் முள், உள்ளே பாலாடை போன்ற சுளை, மணமோ அழுகிய வெங்காயம். ஊரார் நம்பவில்லை. "நாறுகிற பழத்தை எவனாவது காசு கொடுத்து வாங்குவானா?" என்று சிரித்தார்கள். இறுதிவரை 'முள்ளுப்பழம்' என்பதே அவருக்குப் பட்டப்பெயராயிற்று.

திருவிழா நடந்த புக்கிட் மெர்தாஜாம் ஆலயம் 2019இல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்டது. தமிழரும் சீனரும் தத்தம் மொழியில் திருப்பலி காண்கிறார்கள். அதைப்பற்றித் தனியே எழுத வேண்டும். திருவிழாவுக்கு மறுநாள் படகேறி ஜார்ஜ் டவுன் நகருக்குச் சென்றோம். யுனெஸ்கோ 2008இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த நகரம் அது. 1818இல் எழுந்த ஆங்கிலிக்கன் ஆலயம், சீனரின் குவான் யின் கோயில், 1833இல் கட்டப்பட்ட மாரியம்மன் கோயில், தமிழ் இஸ்லாமியர் எழுப்பிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் ஆகிய நான்கையும் நடந்தே பார்த்துவிடலாம். எனக்கு வேறோர் ஆவலும் இருந்தது. நம் சேலம் பகுதியில் உழைத்த பாரிஸ் வேதபோதக சபைக் குருக்கள், 1808 முதல் பினாங்கில் குருமடம் நடத்தியவர்கள். கொரியாவில் 1839இல் மறைசாட்சியரான புனித இம்பெர் அங்கே பயிற்றுவித்தவர். ஆனால் நான் விளக்கத் தொடங்கியபோதே அண்ணனின் பேரனுக்குப் பசி வந்துவிட்டது.

மதியம் 'நாசி கண்டார்' கடையில் அமர்ந்தோம். 'நாசி' என்றால் சோறு. 'கண்டார்' என்பது காவடித் தண்டு. ஒரு பக்கம் சோற்றுப் பானை, மறுபக்கம் குழம்புப் பானை என்று தோளில் சுமந்து தமிழ் இஸ்லாமியர் துறைமுகத்தில் விற்ற உணவு. பரிமாறியவர் தமிழிலேயே, "எல்லாக் குழம்பும் கலந்து ஊற்றட்டுமா?" என்றார். ஊற்றினார் பாருங்கள்! அதற்கு 'பஞ்சிர்', அதாவது வெள்ளம் என்று பெயராம். புளிச்சோற்றுப் பொட்டலத்தை அண்ணியார் பிரிக்கவே இல்லை.

'அசாம் லக்சா'தான் குடும்பத்தைப் பிளந்தது. மீனும் புளியும் கொதித்த சாற்றில் அரிசிச் சேவை, மேலே புதினா, அன்னாசி, கரிய இறால் விழுது. அண்ணியார் ஒரு கரண்டியோடு நிறுத்திக்கொண்டார். அண்ணனோ, "மீன் குழம்பில் இடியாப்பம், இதிலென்ன?" என்று இருவர் பங்கையும் முடித்தார். தேங்காய்ப்பாலில் பச்சை நெளிவுகள் மிதக்கும் 'செண்டோலை'ப் புழு என்று அலறிய பேரன், பிறகு இரண்டு கிண்ணம் குடித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நம் பகுதிக்குப் புதிதாக வரும் உதவிப் பங்குத்தந்தையர், முதல் நாள் கேழ்வரகுக் களியை மென்று மென்று விழிப்பதை எத்தனை முறை பார்த்திருக்கிறேன்! மெல்லாமல் விழுங்க வேண்டும் என்று யாராவது சொல்லிக் கொடுத்தால்தானே தெரியும்?

அம்மா பகல் முழுவதும் எதையும் பெரிதாக உண்ணவில்லை. 1923 முதல் இயங்கும் மலை இரயிலில் ஏறி இறங்கியபோதும், "அந்தப் பழம் எங்கே?" என்பதே பேச்சு. எங்கள் விடுதி வாசலிலோ, டுரியான் படத்தின் குறுக்கே சிவப்புக் கோடிட்ட பலகை. அறைக்குள் கொண்டுவரத் தடை! ஆகவே மாலையில் சாலையோரக் கடைக்கே அழைத்துச் சென்றோம். கையுறை அணிந்த சீனப் பெரியவர், "இனிப்பா, கசப்பா?" என்று கேட்டுவிட்டு, கத்தியால் ஒரு பழத்தைப் பிளந்தார். மருமகள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அம்மா சிலுவை அடையாளம் வரைந்து, ஒரு சுளையை எடுத்து, நிதானமாக உண்டார்கள். ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது சுளையையும் எடுத்தார்கள். பிறகுதான், "எங்கள் அப்பா சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை" என்றார்கள்.

கடைக்காரர் வெற்றுத் தோட்டில் நீர் ஊற்றி, அதில் கை கழுவினால் வாடை போகும் என்றார். அம்மா விதையை முந்தானையில் முடிந்துகொண்டார்கள். விமான நிலையத்தில் விடமாட்டார்கள் என்று அண்ணன் தடுக்கவே, மனமின்றித் திருப்பி வைத்தார்கள். "அப்படியானால் பழத்தோடு என்னைப் படம் எடு, ஊரில் காட்ட வேண்டும்" என்றார்கள்.

"தாத்தாவைக் கேலி செய்தவர்களில் ஒருவரும் இப்போது இல்லையே, அம்மா" என்றார் அண்ணன்.

"அவர்கள் பிள்ளைகள் இருக்கிறார்களே" என்றார்கள் அம்மா. எடுத்தோம்.