தபால் பெட்டிச் சாவி

கடந்த ஏப்ரல் மாதம் முழுவதும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு கைபேசி குப்புறக் கிடந்தது. என் மகளுடையது. மின்னஞ்சல் வந்தால் திரை ஒளிரும், அதைக் கண்டால் நெஞ்சு படபடக்கிறது என்று கவிழ்த்து வைத்துவிட்டாள். ஆனாலும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதை நிமிர்த்திப் பார்க்க அவள் தவறியதில்லை.

அவளுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காமல் இல்லை. கேட்ட பாடத்திலேயே இடம் உண்டு என்ற பதில் ஏப்ரல் தொடக்கத்தில் வந்துவிட்டது. அவள் காத்திருந்தது இன்னொன்றுக்கு. அதே பல்கலைக்கழகத்தின் ஹானர்ஸ் திட்டம் ஒன்றுக்குக் கட்டுரை எழுதி அனுப்பி, நேர்காணலுக்கும் போய் வந்திருந்தாள். அதற்குத்தான் பதில் வரவில்லை.

நம் வீடுகளில் ‘ஹானர்ஸ்’ என்ற சொல் இரண்டு பொருளில் புழங்குகிறது. ஒன்று பட்டத்தின் தகுதி. என் காலத்தில் மூன்று ஆண்டு படித்தால் பட்டம். மதிப்பெண் நன்றாக இருந்தால்தான் நான்காவது ஆண்டுக்கு அழைப்பார்கள், அதை முடித்தால் ஹானர்ஸ். இன்று பெரும்பாலான பாடங்கள் நான்காண்டு ஹானர்ஸ் படிப்பாகவே இருக்கின்றன.

இரண்டாவது, பட்டப்படிப்போடு சேர்ந்து நடக்கும் தனித் திட்டம். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2001ல் தொடங்கிய யுனிவர்சிட்டி ஸ்காலர்ஸ் புரோகிராமும், 2013ல் முதல் மாணவர்களைச் சேர்த்த யேல்-என்யுஎஸ் கல்லூரியும் இணைந்து, 2022ல் என்யுஎஸ் கல்லூரி என்று ஆனது. ஆண்டுக்கு ஏறத்தாழ 400 பேரைச் சேர்க்கிறார்கள். சிறிய வகுப்புகள், பல துறைகளைத் தொடும் பாடங்கள், குறைந்தது இரண்டு ஆண்டு விடுதி வாழ்க்கை. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2005 முதல் சி.என். யாங் திட்டம் இருக்கிறது. 1957ல் இயற்பியலுக்கான நோபெல் பரிசு பெற்றவரின் பெயர் அது. அறிவியல், பொறியியல் ஆய்வில் நாட்டமுள்ளவர்களுக்கானது. 2011ல் தொடங்கிய ரினைசன்ஸ் இன்ஜினியரிங் திட்டம் பொறியியலோடு வர்த்தகத்தையும் சேர்த்துக் கற்பிக்கிறது.

இவற்றில் சேர மதிப்பெண் மட்டும் போதாது. எழுதியதையும் பேசியதையும் வைத்து ஆளை எடைபோடுவார்கள். அதனால்தான் இந்தக் காத்திருப்பு மற்றதைவிடக் கொடியது. ‘ஏ’ நிலைத் தேர்வு முடிவு வந்த அன்று கையில் ஒரு தாள் இருந்தது. அந்தப் புள்ளிகளைக் கூட்டிப் பார்க்கலாம். 2026 சேர்க்கையிலிருந்து அந்தக் கூட்டல் 90க்குப் பதில் 70 புள்ளிகளுக்கு. தாய்மொழிப் புள்ளி, மொத்தத்தை உயர்த்தினால் மட்டும் சேரும். என் மகளுக்குத் தமிழ் கைகொடுத்தது. ஆனால் நேர்காணலில் தான் சொன்ன பதிலுக்கு எத்தனை புள்ளி என்று அவளால் எப்படிக் கூட்ட முடியும்?

எங்களோடு இருக்கும் என் அம்மாவுக்கு இது எதுவும் பிடிபடவில்லை. “அதான் இடம் கிடைச்சிருச்சே, அப்புறம் என்ன? எம்ஆர்டில நாப்பது நிமிஷம். பொம்பளப் புள்ள எதுக்கு ஹாஸ்டல்ல தங்கணும்?” என்பார். மின்தூக்கியில் பார்க்கும் அண்டை வீட்டுக்காரர், கோயிலில் பார்க்கும் தோழி, எல்லாருக்கும் ஒரே கேள்விதான்: “என்னம்மா, பதில் வந்துடுச்சா?” அக்கறையோடு கேட்கிறார்கள் என்று தெரியும். இருந்தாலும் வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வருவதையே மகள் நிறுத்திவிட்டாள்.

ஏப்ரல் கடைசியில் ஓர் இரவு, தூக்கம் வரவில்லை என்று சமையலறைக்கு வந்தாள். மைலோ கலக்கிக் கொடுத்தேன். இரண்டு வாய் குடித்துவிட்டுச் சொன்னாள்: “உங்களுக்கு ஹானர்ஸ் கிடைச்சது. நீங்களாத்தான் வேணாம்னு சொன்னீங்க. என்னைய அவங்களே வேணாம்னு சொல்லப் போறாங்க.”

எனக்குக் கை நடுங்கியது.

1998ல், மூன்றாம் ஆண்டு முடிந்து, நான்காம் ஆண்டுக் கடிதத்துக்காக நானும் காத்திருந்தேன். அப்போது கைபேசி இல்லை. எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் தபால் பெட்டி. அதன் சாவியை நானே வைத்துக்கொண்டேன். தினமும் மதியம் இறங்கிப் போய்த் திறப்பேன். ஒரு நாள் கடிதம் வந்தது. இடம் இல்லை. அங்கேயே நின்று இரண்டு முறை படித்தேன். மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு மேலே போனேன்.

அன்றிரவு அப்பாவிடம், “மூணு வருஷமே போதும்பா. நான் வேலைக்குப் போறேன். தம்பி படிக்கணும்ல” என்றேன். கடிதம் வந்ததைச் சொல்லவில்லை. அப்பா கண் கலங்கிவிட்டார். ஹானர்ஸ் இடத்தைத் தம்பிக்காக விட்டுக்கொடுத்தவள் என்று தன் வேலையிடத்திலும் உறவிலும் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். அதே நம்பிக்கையோடு போயும் சேர்ந்தார். தம்பி இன்றுவரை தீபாவளிக்குத் தன் பிள்ளைகளுக்கு எடுப்பதற்கு முன்பு எனக்குத்தான் புடவை எடுக்கிறான்.

நான் தம்பிக்காக உழைத்தது பொய்யில்லை. ஆனால் விட்டுக்கொடுத்தேன் என்பது பொய். அந்தப் பொய் என் மகளின் தலையில் வந்து உட்காரும் என்று நான் நினைத்ததே இல்லை. கைக்கு வந்ததை வேண்டாம் என்று சொன்ன அம்மாவோடு தன்னை ஒப்பிட்டு அவள் குறுகிக்கொண்டிருந்தாள்.

அன்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மைலோ ஆறிப் போனது.

“அப்ப தாத்தாவுக்குத் தெரியாதா?”

“தெரியாது.”

“மாமாவுக்கு?”

“அவனுக்கும் தெரியாது.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, “ஏம்மா, அவ்ளோ வெக்கமா இருந்துச்சா?” என்று கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். என்மேல் இரக்கப்பட்டுக் கேட்டாள்.

மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பதில் வந்தது. மூன்று பத்திகள். வருந்துகிறோம் என்பது முதல் பத்தியிலேயே இருந்தது. தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒரு மணி நேரம் கழித்து, முகம் கழுவி வெளியே வந்து, வரவேற்பறையில் இருந்த என் அம்மாவிடம் சொன்னாள்: “கிடைக்கல பாட்டி. நல்லாத்தான் செஞ்சேன். ஆனா எடுக்கல.”

“போனாப் போவுது, வீட்டுச் சாப்பாடு சாப்பிடலாம்” என்றார் பாட்டி. மகள் சிரித்துவிட்டாள்.

அத்தனை எளிய வாக்கியம். அதைத்தான் என்னால் 1998ல் சொல்ல முடியவில்லை.

அந்த வாரமே தம்பியை அழைத்தேன். முழுவதையும் கேட்டான். நீண்ட நேரம் சத்தமில்லை, தொடர்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு, “அப்ப அத்தனை புடவையையும் திருப்பிக் கொடுத்துருக்கா” என்றான். இரண்டு பேரும் சிரித்தோம். வைக்கும்போது அவன் குரல் கம்மியிருந்தது. “அப்பா இருந்திருந்தாலும் ஒன்னும் சொல்லியிருக்க மாட்டாருக்கா” என்றான். அதை நான் பாடாய்ப்பட்டு நம்பிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த ஆண்டு இதே மாதங்களைக் கடக்கப் போகும் குடும்பங்களுக்கு, அனுபவத்தில் சில வார்த்தைகள். ஹானர்ஸ் திட்டத்தின் பதிலுக்குக் காத்திருக்கும்போது, பாடத்துக்கான இடத்தை ஏற்கும் கடைசி நாளை மறந்துவிடாதீர்கள். இரண்டும் வேறு வேறு. எங்கள் வீட்டில் அந்தத் தேதியை நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்தோம். விடுதிச் செலவையும் முன்பே கேட்டுக் கணக்குப் போடுங்கள், கிடைத்த பிறகு திகைக்க வேண்டாம். மகன்கள் என்றால் தேசிய சேவைக்குப் போகும் முன்பே விண்ணப்பிக்கலாம், கிடைத்த இடம் சேவை முடியும்வரை காத்திருக்கும். கிடைக்கும்வரை உறவினர் வாட்ஸ்அப் குழுவில் எதையும் போடாதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. உங்களுக்குக் கிடைக்காமல் போன ஒன்றைப் பற்றிப் பிள்ளையிடம் சொல்லுங்கள். முடிவு வந்த பிறகு சொன்னால் அது ஆறுதல் பேச்சாகிவிடும். காத்திருக்கும்போதே சொல்லுங்கள்.

ஆகஸ்டில் மகளுக்கு வகுப்புத் தொடங்குகிறது. எம்ஆர்டியில் நாற்பது நிமிடம். கைபேசி இப்போது நிமிர்ந்தே கிடக்கிறது.