நோயெதிர்ப்பியல், தொற்றுநோய் ஆய்வில் முனைவர் பட்டப் பயிற்சி

நோயெதிர்ப்பியலும் தொற்றுநோய் ஆய்வும் ஒரே போராட்டத்தை இரு பக்கங்களிலிருந்து பார்க்கும் துறைகள். உடல் தன்னை எவ்வாறு காத்துக்கொள்கிறது என்பதை முதல் துறை ஆராய்கிறது. பாக்டீரியா, வைரஸ், ஒட்டுண்ணி போன்றவை அந்தக் காவலை எவ்வாறு மீறுகின்றன என்பதை இரண்டாம் துறை ஆராய்கிறது. காசநோய், எச்.ஐ.வி., டெங்கு, மலேரியா என எந்த நோயை எடுத்துக்கொண்டாலும் இவ்விரண்டையும் தனித்தனியே படிக்க இயலாது. எனவே பல ஆய்வு நிறுவனங்கள் இரண்டையும் சேர்த்தே முனைவர் பட்ட மாணவர்களைப் பயிற்றுவிக்கின்றன.

இளநிலை, முதுநிலை வகுப்புகளில் மாணவர் பிறர் கண்டறிந்தவற்றைக் கற்கிறார். முனைவர் பட்டப் படிப்பில், விடை தெரியாத ஒரு கேள்விக்குத் தாமே விடை தேடக் கற்கிறார். இந்தியாவில் அந்தப் பயிற்சி எவ்வாறு நடைபெறுகிறது, மாணவர் எதைக் கற்கிறார், அதன்பின் என்ன வழிகள் உள்ளன என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

மாணவர்கள் செய்த இரு கண்டுபிடிப்புகள்

பறவைகளின் குடல் முடியும் இடத்தருகே ஒரு சிறு பை உண்டு. அதற்கு ஃபாப்ரிசியசின் பை என்று பெயர். பல நூற்றாண்டுகளாக அதன் பயன் யாருக்கும் தெரியவில்லை. 1950களில் அமெரிக்காவின் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த புரூஸ் கிளிக், கோழிக்குஞ்சுகளிலிருந்து அந்தப் பையை அகற்றி என்ன மாற்றம் ஏற்படுகிறது என்று பார்த்தார். வெளிப்படையான மாற்றம் எதுவும் இல்லை. அவருடைய சக மாணவர் திமோதி சாங், உடலில் எதிர்ப்பொருள் உருவாவதை வகுப்பில் செய்துகாட்டக் கோழிகள் தேவைப்பட்டதால், கிளிக்கின் கோழிகளை வாங்கிச் சென்று சால்மோனெல்லா கிருமியிலிருந்து எடுத்த பொருளைச் செலுத்தினார். பை அகற்றப்பட்ட கோழிகளில் எதிர்ப்பொருள் உருவாகவில்லை.

வகுப்புச் சோதனை தோற்றுவிட்டது என்று அவர்கள் அதை ஒதுக்கிவிடவில்லை. முறையாகத் திரும்பச் செய்து பார்த்தனர். சயின்ஸ் இதழ் அவர்களுடைய கட்டுரையை ஏற்கவில்லை. 1956-இல் கோழியியல் இதழ் ஒன்றில் அது வெளிவந்தது. எதிர்ப்பொருளை உருவாக்கும் செல்களின் தோற்றத்தை அறிய அதுவே வழிகாட்டியது. இன்று பாடநூல்களில் 'பி செல்' என்று படிக்கும் பெயரிலுள்ள 'பி', அந்தப் பையின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்து.

இரண்டாவது நிகழ்வு சென்னையில் நடந்தது. 1980களின் நடுவில், எய்ட்ஸ் மேலைநாடுகளின் நோய், அது இந்தியாவுக்கு வராது என்ற எண்ணம் பரவலாக இருந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் முதுநிலை மாணவியாக இருந்த செல்லப்பன் நிர்மலா, தம் ஆசிரியர் சுனிதி சாலமன் தந்த யோசனையின்படி, தம் ஆய்வேட்டுக்காகப் பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். பரிசோதிக்கும் வசதி சென்னையில் இல்லாததால் மாதிரிகள் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுசெல்லப்பட்டன. 1986-இல் ஆறு மாதிரிகளில் எச்.ஐ.வி. இருப்பது தெரியவந்தது. மீண்டும் சோதித்து உறுதி செய்த பின்னரே செய்தி அறிவிக்கப்பட்டது. இது முனைவர் பட்ட ஆய்வன்று, எம்.டி. பட்டத்துக்கான ஆய்வு. ஆனாலும் ஒரு மாணவரின் ஆய்வேடு நாட்டின் சுகாதாரக் கொள்கையையே தொடக்கூடும் என்பதற்கு இது நல்ல சான்று.

எதிர்பாராத முடிவை ஒளிக்காமலும், அவசரப்பட்டு நம்பிவிடாமலும், திரும்பச் சோதிக்கும் பழக்கம் இரு நிகழ்வுகளிலும் தெரிகிறது. முனைவர் பட்டப் பயிற்சியின் உயிர்நாடி இந்தப் பழக்கமே.

படிப்பின் அமைப்பு

பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் வெளியிட்ட விதிமுறைகளின்படி, முனைவர் பட்டப் படிப்புக்குக் குறைந்தது 3 ஆண்டுகள், அதிகபட்சம் 6 ஆண்டுகள். மறுபதிவு மூலம் மேலும் காலம் பெற வழியுண்டு. முதுநிலைப் பட்டத்தில் பொதுப் பிரிவினர் 55 விழுக்காடு மதிப்பெண் பெற்றிருக்க வேண்டும். நான்காண்டு இளநிலைப் பட்டம் பெற்றவர்கள் 75 விழுக்காடு பெற்றிருந்தால் நேரடியாகச் சேரலாம்.

தொடக்கத்தில் குறைந்தது 12 மதிப்பலகுகள் கொண்ட பாடங்களைப் படிக்க வேண்டும். ஆய்வு முறைகள், ஆய்வு ஒழுக்கநெறி ஆகியவை இதில் அடங்கும். பிறகு ஆய்வு ஆலோசனைக் குழு ஒன்று மாணவரின் முன்னேற்றத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கேட்டறியும். இறுதியில் ஆய்வேட்டை வெளித் தேர்வாளர்கள் மதிப்பிடுவர். வாய்மொழித் தேர்வும் நடைபெறும்.

உதவித்தொகைக்கு சி.எஸ்.ஐ.ஆர்.–யு.ஜி.சி. நெட், உயிரித் தொழில்நுட்பத் துறையின் தேர்வு ஆகியவை முக்கிய வாயில்கள். நெட் வழியாக இளநிலை ஆய்வாளர் ஆவோருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாயும், இரண்டு ஆண்டுகளுக்குப் பின் முதுநிலை ஆய்வாளராக உயர்வோருக்கு 42,000 ரூபாயும் என உதவித்தொகை உயர்த்தப்பட்டது. வீட்டு வாடகைப்படி தனி.

எங்கே படிக்கலாம்?

புதுதில்லியிலுள்ள தேசிய நோயெதிர்ப்பியல் நிறுவனம் இத்துறைக்கென்றே அமைந்தது. பரிதாபாத்திலுள்ள மாற்றியல் சுகாதார அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம், பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், திருவனந்தபுரம் ராஜீவ் காந்தி உயிரித் தொழில்நுட்ப மையம், புனே தேசிய வைராலஜி நிறுவனம், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆகியவையும் குறிப்பிடத்தக்கவை.

சென்னை சேத்துப்பட்டிலுள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1956-இல் காசநோய் மருந்துச் சிகிச்சை மையமாகத் தொடங்கப்பட்டது. காசநோயாளிகளை மருத்துவமனையில் மாதக்கணக்கில் தங்கவைக்காமல், வீட்டிலிருந்தபடியே மருந்து கொடுத்துக் குணப்படுத்தலாம் என்று அதன் முதல் ஆய்வு காட்டியது. 1959-இல் வெளியான அந்த முடிவு உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையின் போக்கை மாற்றியது. நோயாளிகளுக்கு அருகிலேயே ஆய்வகம் இருப்பதன் பயனை இதிலிருந்து அறியலாம்.

ஆய்வகத்தில் கற்பவை

முதலில் கற்க வேண்டியது பாதுகாப்பு. நுண்ணுயிர் ஆய்வகங்கள் கிருமியின் ஆபத்தைப் பொறுத்து நான்கு நிலைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. காசநோய்க் கிருமியை வளர்த்து ஆய்வு செய்ய மூன்றாம் நிலை ஆய்வகம் வேண்டும். நிபா போன்ற கொடிய வைரஸ்களுக்கு நான்காம் நிலை. உடையணிவது, காற்றோட்டப் பெட்டிக்குள் கையை இயக்குவது, கழிவை அழிப்பது, விபத்து நேர்ந்தால் உடனே தெரிவிப்பது ஆகியவற்றை மேற்பார்வையில் பழகி, தேர்ச்சி பெற்ற பின்னரே மாணவர் தனியாக உள்ளே செல்ல அனுமதிக்கப்படுவார்.

அடுத்தது காலத்தைத் திட்டமிடுவது. ஈ. கோலை பாக்டீரியா சாதகமான சூழலில் சுமார் 20 நிமிடத்தில் இரண்டாகப் பிரியும். காசநோய்க் கிருமிக்குச் சுமார் 20 மணி நேரம் ஆகும். திட ஊடகத்தில் அது கண்ணுக்குத் தெரியும்படி வளரப் பல வாரங்கள் பிடிக்கும். இடையில் வேறு கிருமி கலந்துவிட்டால் அத்தனை வார உழைப்பும் வீண். இருப்பதோ சில ஆண்டுகள். எனவே ஒரு சோதனை வளரும் காலத்தில் வேறு எதைச் செய்வது என்று திட்டமிடத் தெரியாதவர் இத்துறையில் திணறுவார்.

மூன்றாவது, கருவி தரும் எண்ணை ஐயத்துடன் பார்ப்பது. ஃப்ளோ சைட்டோமெட்ரி என்னும் முறையில், ஒளிரும் சாயம் பூட்டிய எதிர்ப்பொருள்களை இரத்தச் செல்களுடன் கலந்து, ஒவ்வொரு செல்லாக லேசர் ஒளியின் முன் ஓடவிடுவர். எந்த வகைச் செல் எவ்வளவு இருக்கிறது என்று கருவி கணக்கிடும். கருவியை இயக்கச் சில நாள்களில் பழகிவிடலாம். ஆனால் சாயமே சேர்க்காத செல்கள், ஒரே ஒரு சாயம் மட்டும் சேர்த்த செல்கள் ஆகியவற்றை ஒப்பீட்டுக்கு வைக்காவிட்டால், திரையில் தெரிவது உண்மையா, ஒரு சாயத்தின் ஒளி இன்னொன்றில் கலந்ததா என்று சொல்ல முடியாது. ஒப்பீடு இல்லாத சோதனை சோதனையே அன்று. புள்ளியியலையும் கணினி வழித் தரவு ஆய்வையும் இதே நோக்கில்தான் கற்க வேண்டும்.

ஒழுக்கநெறி

மனிதர்களிடம் மாதிரி எடுக்க நிறுவன ஒழுக்கநெறிக் குழுவின் ஒப்புதலும், பங்கேற்பவரின் விளக்கம் பெற்ற சம்மதமும் வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், காப்பகங்களிலும் சிறைகளிலும் இருப்போர் போன்று எளிதில் மறுக்க முடியாத நிலையிலுள்ளவர்களுக்குக் கூடுதல் பாதுகாப்பை வலியுறுத்துகின்றன. தொற்றுநோய் ஆய்வில் இது மிக முக்கியம். நோய் இருப்பது வெளியே தெரிந்தால் ஒருவர் வேலையையும் உறவையும் இழக்க நேரலாம். விலங்குகளைப் பயன்படுத்தவும் தனிக் குழுவின் ஒப்புதல் கட்டாயம். விலங்கின்றிச் செய்ய முடியுமா, குறைந்த எண்ணிக்கையில் முடியுமா, வேதனையைக் குறைக்க முடியுமா என்ற மூன்று கேள்விகளுக்கு மாணவர் விடை எழுதித் தரவேண்டும்.

பட்டத்திற்குப் பின்

முனைவர் பட்டம் பெறுவோர் அனைவருக்கும் போதுமான பேராசிரியர் பணியிடங்கள் இல்லை. இந்த உண்மையைத் தொடக்கத்திலேயே அறிந்திருப்பது நல்லது. ஆய்வுத் துறையிலேயே நிலைக்க விரும்புவோர் பெரும்பாலும் வேறொரு ஆய்வகத்தில் சில ஆண்டுகள் மேலாய்வு செய்கின்றனர். மற்றவர்களுக்குத் தடுப்பூசி, மருந்து, நோயறி கருவி நிறுவனங்கள், மருத்துவமனை ஆய்வகங்கள், மருந்து ஒழுங்குமுறை, காப்புரிமை, பொதுச் சுகாதாரத் திட்டங்கள், அறிவியல் எழுத்து எனப் பல வழிகள் உள்ளன. தரமான ஆய்வறிக்கை எழுதுவதும், துறை சாராதவருக்கும் புரியும்படி பேசுவதும் இவை அனைத்திலும் பயன்படும். ஆகவே படிக்கும் காலத்திலேயே இவற்றைப் பழக வேண்டும்.

சேரும் முன் கேட்க வேண்டியவை

மாணவர்கள் சிலர் நிறுவனத்தின் பெயரை மட்டும் பார்த்துச் சேர்ந்துவிடுகின்றனர். அன்றாடப் பயிற்சியைத் தீர்மானிப்பவர் நெறியாளரே. விதிமுறைப்படி ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 மாணவர்கள் வரையிலும், இணைப் பேராசிரியர் 6 பேர் வரையிலும், உதவிப் பேராசிரியர் 4 பேர் வரையிலும் வழிநடத்தலாம். சேரும் முன் கீழ்க்கண்டவற்றைக் கேட்டறிவது நல்லது.

1. இந்த நெறியாளரிடம் முன்பு படித்தவர்கள் எத்தனை ஆண்டுகளில் முடித்தனர்? இப்போது என்ன பணியில் இருக்கின்றனர்?

2. ஆய்வுக்கான நிதி எத்தனை ஆண்டுகளுக்கு உறுதியாக உள்ளது? உதவித்தொகை மாதந்தோறும் கிடைக்கிறதா?

3. தேவையான பாதுகாப்பு நிலை ஆய்வகமும் விலங்கு வசதியும் அங்கேயே உள்ளனவா?

4. நெறியாளர் மாணவரை எவ்வளவு நாளுக்கு ஒருமுறை சந்திக்கிறார்?

5. முதன்மைச் சோதனை தோற்றால் மாற்றுத் திட்டம் என்ன?

இவற்றை இப்போது அங்கே படிக்கும் மாணவர்களிடம் தனியாகக் கேட்பதே சிறந்தது. கேள்வி கேட்பதை விரும்பாத ஆய்வகமாக இருந்தால், சேரும் முன்பே அது தெரிந்துவிடும்.