கழுத்து டிஸ்க் விலகல்... எல்லோருக்கும் ஆபரேஷன் தேவையா?

ஊத்துக்கோட்டையிலிருந்து கும்மிடிப்பூண்டி பக்கம் தினமும் பைக்கில் வேலைக்குப் போய் வருகிறவர்கள், கம்பெனியில் லோடு ஏற்றி இறக்குகிறவர்கள், மணிக்கணக்கில் குனிந்தே மெஷின் பார்ப்பவர்கள்... கழுத்து வலித்தால் இவர்கள் முதலில் சொல்வது 'சுளுக்கு' என்றுதான். பெரும்பாலும் அது உண்மையும்கூட. ஆனால் வலி தோளைத் தாண்டிக் கைவிரல் வரை இறங்கினால், மரத்துப்போனால், டிஸ்க் விலகலாக இருக்கலாம்.

கழுத்தில் 7 எலும்புகள். இரண்டாவதிலிருந்து கீழே, இரண்டிரண்டு எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருப்பதுதான் டிஸ்க். அதன் ஓரம் கிழிந்து, உள்ளே இருக்கும் ஜவ்வு வெளியே வந்து நரம்பை அழுத்தும்போது கையில் வலி வருகிறது.

ஆபரேஷன் யாருக்கு?

ஆறுதலான விஷயம், பலருக்குச் சில வாரங்கள் முதல் மூன்று மாதங்களுக்குள் ஆபரேஷன் இல்லாமலே வலி குறைந்துவிடும். டாக்டர் தரும் மாத்திரை, பாரம் தூக்காமல் இருப்பது, பிசியோதெரபி இவையே முதல் சிகிச்சை. கழுத்துப் பட்டையைச் சில நாள்களுக்கு மேல் தொடர்ந்து போட்டால் தசை பலவீனமாகும். வலி அடங்காத சிலருக்கு நரம்பின் அருகே ஸ்டீராய்டு ஊசி போடுவதுண்டு.

இத்தனைக்கும் பிறகும் வலி விடாதபோதும், கை பலமிழந்துகொண்டே போகும்போதும்தான் ஆபரேஷன். பெரும்பாலும் முன்கழுத்து வழியாக டிஸ்க்கை எடுத்துவிட்டு, இரு எலும்புகளையும் இணைப்பார்கள். சிலருக்குச் செயற்கை டிஸ்க் பொருத்துவார்கள்.

தாமதிக்கக் கூடாதவை

சட்டைப் பட்டன் போட முடியவில்லை, நடை தடுமாறுகிறது, சிறுநீர், மலம் கட்டுப்படவில்லை... இவை தண்டுவடமே அழுத்தப்படுவதன் அறிகுறிகள். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கழுத்தைத் திருகி நெட்டி எடுப்பது ஆபத்து.

லீவு போட்டால் சம்பளம் போகுமே?

வலியோடு வேலைக்குப் போகிறவர்களின் பெரிய பயம் இதுதான். இ.எஸ்.ஐ. அட்டை இருப்பவர்கள், உரிய காலம் சந்தா கட்டியிருந்தால், இ.எஸ்.ஐ. டாக்டரின் சான்றிதழோடு ஆண்டுக்கு 91 நாள்கள் வரை 70 சதவிகித ஊதியம் பெறலாம். ஒப்பந்தத் தொழிலாளர்களும் தங்கள் பெயரில் சந்தா கட்டப்படுகிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. ஓய்வும் சிகிச்சைதான், அதைக் கேட்டுப் பெறுவதில் தயக்கம் வேண்டாம்!