இந்த வயசுல ஏன் பிபி?

இந்த எபிசோட்ல கோடிங் இல்லை, ஆப் இல்லை. எங்க அக்காவோட ரத்தக் குழாய் ஒண்ணைப் பத்திப் பேசப் போறேன். அவங்க அனுமதியோடதான்.

அக்கா என் பெரியம்மா பொண்ணு. கோவில்பட்டியில ஒரு தீப்பெட்டி ஆபீஸ்ல கணக்கு எழுதுறாங்க. 31 வயசுல பிபி 180/110. மூணு மாத்திரை போட்டும் இறங்கலை. போன இடத்துல எல்லாம் "டென்ஷனைக் குறைங்கம்மா, உப்பைக் குறைங்க"ன்னுதான் சொன்னாங்க. காதுக்குள்ள நாடித் துடிப்போட சேர்ந்து "உஸ்... உஸ்..."னு சத்தம் கேட்குதுன்னு அக்கா சொன்னப்போ, வீட்டுல யாரும் பெருசா எடுத்துக்கலை. நானும்தான்.

ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு டாக்டர் அவங்க வயித்துல ஸ்டெதாஸ்கோப் வெச்சுக் கேட்டார். அங்கேயும் அதே "உஸ்". குறுகின குழாய்ல ரத்தம் பாயுற சத்தம் அது. மதுரையில சிடி ஆஞ்சியோகிராம் எடுத்தோம். வலது சிறுநீரகத்துக்குப் போற தமனி பாசி மாலை மாதிரி இருந்தது: கொஞ்சம் உப்பல், கொஞ்சம் இறுக்கம், மறுபடியும் உப்பல். நோயோட பேரு ஃபைப்ரோமஸ்குலர் டிஸ்பிளேசியா. சுருக்கமா எஃப்எம்டி.

இது கொழுப்பு அடைப்பு இல்லை, அழற்சியும் இல்லை. குழாய்ச் சுவரோட தசையும் நாரும் தாறுமாறா வளர்ந்துடுது. பாதிக்கப்படுறவங்கள்ல பத்துல ஒன்பது பேர் பெண்கள்.

சரி, சிறுநீரகக் குழாய்க்கும் பிபிக்கும் என்ன சம்பந்தம்? நம்ம ஊர்த் தெருக் குழாயை நினைச்சுக்கோங்க. கடைசி வீட்டுக்குப் போற பைப் மட்டும் நசுங்கியிருக்கு. அந்த வீட்டுக்காரர் தண்ணி வரலைன்னு மோட்டாரைக் கூட்டச் சொல்றார். தெரு முழுக்க அழுத்தம் ஏறுது, அவருக்கு மட்டும் சொட்டுதான். சிறுநீரகமும் அப்படித்தான்: ரத்தம் குறையுதுன்னு நம்பி ரெனினைச் சுரக்குது, உடம்பு முழுக்க பிபி ஏறுது. சென்சார் பொய் சொல்லலை. அது நிக்குற இடம் அப்படி.

இந்தியாவுல டாக்டர்கள் இன்னொண்ணையும் யோசிக்கணும். இளம் பெண்களுக்கு இதே குழாயைச் சுருக்குற டகாயாசு நோய் இங்க அதிகம். அது அழற்சி நோய், ஸ்டீராய்டு மாதிரி மருந்து வேணும். எஃப்எம்டிக்கு ஸ்டீராய்டால பயன் இல்லை. டகாயாசுல ரத்தப் பரிசோதனை சில சமயம் நார்மலா வரும். அதனால மகாதமனியோட சுவர் தடிச்சிருக்கான்னு ஸ்கேன்லயும் பார்த்துதான் பிரிக்கிறாங்க.

1938-ல லெட்பெட்டர், பர்க்லாண்ட்னு ரெண்டு அமெரிக்க டாக்டர்கள் ஐந்தரை வயசுப் பையன் ஒருத்தனைப் பத்தி எழுதினாங்க. பாதிக்கப்பட்ட சிறுநீரகத்தை எடுத்ததும் அவன் பிபி இறங்கிடுச்சு. இன்னைக்கு சிறுநீரகத்தை எடுக்கத் தேவையில்லை. தொடை வழியா ஒரு கம்பியை விட்டு, பலூனால குழாயை விரிக்கிறாங்க. பொதுவா ஸ்டென்ட் வைக்கிறதில்லை. எல்லாருக்கும் பிபி முழுசாக் குணமாகாது. இளம் வயசுல, சீக்கிரமாச் செஞ்சா பலன் அதிகம். அக்காவுக்கு மூணு மாத்திரை ஒண்ணாச்சு.

எஃப்எம்டி ஒரு குழாயோட நிக்காம இருக்கலாம். அதனால தலையில இருந்து இடுப்பு வரைக்கும் ஒரு தடவை ஸ்கேன் பண்ணணும். அக்காவோட கழுத்துத் தமனியிலயும் அதே பாசி மாலை. காதுல கேட்ட சத்தம் அதுதான். இப்போ தினமும் குறைந்த அளவு ஆஸ்பிரின் போடுறாங்க. திடீர்னு கழுத்து வலியோ, முகம் கோணுறதோ, பேச்சுக் குளறுறதோ வந்தா உடனே ஆஸ்பத்திரி.

2021-ல வந்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தால பிபி மெஷினும் மாத்திரையும் வீட்டு வாசலுக்கே வருது. நல்ல விஷயம். இளம் வயசுல பிபி வர்ற எல்லாருக்கும் எஃப்எம்டி இருக்காது. ஆனா முப்பது வயசுல ஏறின பிபி மூணு மாத்திரைக்கும் அடங்கலைன்னா, மாத்திரையை நிறுத்தாம, "ஏன் டாக்டர்?"னு ஒரு தடவை கேளுங்க. வீட்டுல யாராவது காதுல சத்தம் கேட்குதுன்னு சொன்னா, சிரிக்காதீங்க. நான் சிரிச்சிருக்கேன்.