சுளுக்கு என்று நினைத்த வலி

விருத்தாசலம் பீங்கான் பட்டறைகளில் வேலை பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். சூளையிலிருந்து வந்த ஜாடி முழுசாகத்தான் தெரியும். ஓர் இடத்தில் மட்டும் மேல்பூச்சான கிளேஸ் மண்ணை விட்டு எழும்பியிருக்கும். கழுத்துத் தமனிக்கும் அப்படி நேரலாம்.

தமனியின் சுவர் மூன்று படலங்களால் ஆனது. பிடரி வெடுக்கென்று திருகி, உள்படலம் மயிரிழை அளவு கிழிந்தாலே போதும். ரத்தம் அந்தக் கிழிசலில் புகுந்து படலங்களைப் பிரித்துக்கொண்டே போகும். குழாய் குறுகும், ரத்தம் உறையும். உறைந்ததில் ஒரு துணுக்கு மூளைக்குப் போய் அடைத்தால் பக்கவாதம், இருபது வயதிலும்.

மூளைக்கு ரத்தம் ஏற்றுபவை நான்கு தமனிகள். மென்னியின் இரு பக்கமும் விரலுக்குத் துடிப்பவை இரண்டு. பின்னால் ஏறும் இரண்டின் பாதைதான் என்னை வியக்க வைக்கிறது. கழுத்தெலும்புகளின் பக்கத் துளைகளில் ஒவ்வொன்றாக நுழைந்து மேலேறி, உச்சி எலும்பைச் சுற்றி வளைந்து மண்டைக்குள் போகின்றன. வழியெல்லாம் எலும்பே கவசம். ஆனால் தலையை நாம் திருப்புவதில் ஏறக்குறையப் பாதி, மேலே உள்ள இரண்டு எலும்புகளுக்கு நடுவில்தான் நடக்கிறது. அங்கே தமனி தளர்வாக வளைந்திருப்பது அதற்காகவே. நல்லூர்ப் பக்கம் பொங்கல் கபடியில் பாடி வந்தவரை நாலு பேர் அமுக்க, தலை ஒரு பக்கமும் உடம்பு மறுபக்கமும் போனால், அந்தத் தளர்வு போதாமல் போகலாம். தொண்டையை நெரிக்கக் கூடாது என்று கபடியில் விதி உண்டு. தற்செயலான திருகலை எந்த விதியும் நிறுத்தாது.

2014 நவம்பர் 25 அன்று சிட்னியில், தலைக்கவசத்துக்குக் கீழே கிரிக்கெட் வீரர் பிலிப் ஹியூஸின் கழுத்தில் பந்து பட்டது. பின்பக்கத் தமனி கிழிந்து, மூளையைச் சுற்றி ரத்தம் பரவியது. இரண்டே நாளில், 25 வயதில், இறந்துபோனார்.

அவ்வாறு கண்ணெதிரே நடப்பது மிக அரிது. ஓசையில்லாமல் வருவதற்குத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். ஆட்டம் முடிந்து சில மணி நேரமோ சில நாளோ கழித்து, கழுத்தில் ஒரு பக்கம் மட்டும் வலி, இதுவரை வராத தலைவலி. சிலருக்கு ஒரு கண்ணிமை தொங்கி, கண்மணி சுருங்கும். கண்ணுக்குப் போகும் நரம்பு இழைகள் முன்பக்கத் தமனிச் சுவரை ஒட்டியே ஓடுவதுதான் காரணம். நடை தள்ளாடினால், பேச்சு குழறினால் 108-ஐக் கூப்பிட நிமிடமும் தாமதிக்கக் கூடாது. நம் வீடுகளிலோ சுளுக்கு என்று எண்ணெய் தடவி, கழுத்தைத் திருகி நெட்டி எடுப்பார்கள். கிழிந்த படலம் மேலும் உரியலாம்.

சிரை வழியாக மருந்து செலுத்தி எடுக்கும் சிடி ஸ்கேனில் கிழிசல் தெரியும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை தருவார்கள். எழும்பிய கிளேஸ் மறுபடி மண்ணில் ஒட்டாது. தமனியின் படலமோ, பலருக்குச் சில மாதங்களில் தானே ஒட்டிக்கொள்கிறது.