பாட்டுப் பெட்டி வாங்கப் போகிறீர்களா? உஷார்!

"256 ஜி.பி." என்று 8 ஜி.பி. கார்டை தலையில் கட்டும் ஆசாமிகள்
எதை வாங்கலாம்? எதை வாங்கக்கூடாது? முழு விவரம்

சென்னை,-
சட்டைப் பையில் அடங்கும் பாட்டுப் பெட்டி வாங்கப் போகிறவர்கள், பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன்பு ஒரு காரியம் செய்ய வேண்டும். முதல் பாட்டு, நடுப் பாட்டு, கடைசிப் பாட்டு மூன்றையும் போட்டுக் கேட்க வேண்டும்.

கடைக்காரர் போட்டுக் காட்டும் ஒரு பாட்டு எல்லாப் பெட்டியிலும் ஜோராகத்தான் பாடும். மீதிப் பாட்டுகளில்தான் குட்டு வெளிப்படும். அது பற்றிய விவரம் வருமாறு:-

செல்போன் இருக்க, இது எதற்கு?

"கையிலதான் செல்போன் இருக்கே, தனியா ஒரு பெட்டி எதுக்கு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

ஆனால் தாம்பரத்திலிருந்து பீச் வரை பாட்டுக் கேட்டுக்கொண்டே ஆபீஸ் போகும் குமாஸ்தாவுக்கு, சாயங்காலம் வீட்டுக்குப் பேச போனில் சார்ஜ் இருப்பதில்லை. நல்ல பாட்டு வரும் நேரத்தில் லோன் வேண்டுமா என்று யாராவது கூப்பிடுகிறார்கள். இலவசமாகப் பாட்டுத் தரும் "ஆப்"களில் இரண்டு பாட்டுக்கு ஒரு விளம்பரம் வந்து உயிரை எடுக்கிறது.

வீட்டில் இருக்கும் வயதானவர்கள் பாடு இன்னும் கஷ்டம். கண்ணாடி மேல் விரலைத் தேய்த்துப் பாட்டுத் தேட அவர்களால் முடிவதில்லை. திருகினால் பாட வேண்டும், அமுக்கினால் நிற்க வேண்டும். அவ்வளவுதான் அவர்கள் கேட்பது.

ராத்திரி வாட்ச்மேன், தையல்காரர், லேத் பட்டறைத் தொழிலாளி இவர்களுக்கும் போனைவிட சின்னப் பெட்டியே சவுகரியம். கீழே விழுந்தாலும் பெரிய நஷ்டம் இல்லை.

நாலு வகை சரக்கு

ரிச்சி தெரு, பர்மா பஜார் பக்கம் போகிறவர்களுக்கும், இன்டர்நெட்டில் தேடுகிறவர்களுக்கும் முன்னால் வந்து நிற்பவை நாலு வகை.

ஒன்று, சட்டையில் மாட்டும் "கிளிப்" பிளேயர். சில நூறு ரூபாய்தான். பெரும்பாலும் பெட்டிக்குள் பாட்டு வைக்க இடம் இருக்காது. மெமரி கார்டு தனியாக வாங்கிச் செருக வேண்டும்.

இரண்டு, பழைய ஐபாட். ஆப்பிள் கம்பெனியின் சரக்கு. புதுசு கிடையாது, செகண்ட் ஹேண்ட்தான்.

மூன்று, சரிகமா கம்பெனியின் கார்வான். பழைய டிரான்சிஸ்டர் மாதிரி தோற்றம், உள்ளே பாட்டு ரெடியாக இருக்கும்.

நாலு, சோனி வாக்மேன். 1979-ல் கேசட் போட்டுக் கேட்கும் பெட்டியாக வந்த அதே பெயர்தான். இன்று கேசட் இல்லாமல் டிஜிட்டலாக வருகிறது. ஒலியில் குறை சொல்ல முடியாது. ஆனால் விலை பல ஆயிரம். பஸ்சில் தொங்கிக்கொண்டு போகிறவர் காதுக்கு அந்த நுணுக்கம் எட்டப் போவதில்லை.

இந்த நாலில் அதிகம் விற்பது முதல் வகை. அதிகம் ஏமாறுவதும் அதில்தான்.

டுபாக்கூர் கார்டு

"சார், கம்பெனி மால் சார். 256 ஜி.பி. வெளியில விசாரிச்சுட்டு வாங்க. உங்களுக்காக முன்னூறு ரூபா போட்டுக்கலாம்."

பிளாட்பாரத்தில் இப்படி வரும் பேச்சுக்கும், இன்டர்நெட்டில் "இன்று மட்டும்" என்று வரும் விளம்பரத்துக்கும் வித்தியாசம் இல்லை. இரண்டிலும் ஒரே தில்லுமுல்லு நடக்க வாய்ப்பு உண்டு. நாணயமாக வியாபாரம் செய்கிறவர்கள் அதே தெருவில் நிறைய பேர் இருக்கிறார்கள். அவர்கள் பெயரும் சேர்ந்து கெடுகிறது.

மோசடி நடக்கும் விதம் இதுதான்:

விரல் நகம் அளவுள்ள கார்டுக்குள் இரண்டு சமாச்சாரம் இருக்கிறது. ஒன்று, பாட்டைச் சேர்த்து வைக்கும் இடம். இன்னொன்று, "என்னிடம் இவ்வளவு இடம் இருக்கிறது" என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சின்னச் சிப்பு. மோசடிப் பேர்வழிகள் கை வைப்பது இந்தச் சிப்பில்தான். 8 ஜி.பி. கார்டின் சிப்பை "256" என்று பொய் சொல்லும்படி மாற்றி விடுகிறார்கள். மேலே புது லேபிளும் ஒட்டி விடுகிறார்கள்.

கம்ப்யூட்டரில் செருகினால் 256 என்றே காட்டும். செல்போனில் போட்டாலும் அதையே காட்டும். அதை நம்பி ஆயிரக்கணக்கில் பாட்டு ஏற்றுவீர்கள். ஏறுவது போலவே தெரியும். நிஜமான 8 ஜி.பி. நிரம்பியதும் வினை ஆரம்பம்.

சில கார்டுகள், அதற்குப் பிறகு வரும் பாட்டைக் காற்றில் விட்டு விடும். சில கார்டுகள், புதுப் பாட்டைப் பழைய பாட்டின் மேலேயே எழுதி அதையும் நாசமாக்கும். பட்டியலில் பாட்டின் பெயர் இருக்கும். அமுக்கினால் சத்தம் வராது. கல்யாண போட்டோ, இறந்துபோன அப்பாவின் குரல் என்று அதில் சேர்த்து வைத்திருந்தால் அதுவும் போச்சு. பிறகு யாராலும் மீட்டுத் தர முடியாது.

கண்டுபிடிப்பது எப்படி?

வாங்கிய அன்றே கார்டு முழுவதும் நிரம்பும் வரை பாட்டு ஏற்ற வேண்டும். பிறகு கார்டைக் கழற்றி மாட்டி, அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பத்துப் பதினைந்து பாட்டைப் போட்டுப் பார்க்க வேண்டும். எல்லாம் பாடினால் சரக்கு அசல்.

கம்ப்யூட்டர் பழக்கம் உள்ளவர்களுக்கு வேலை சுலபம். "எச்2டெஸ்ட்டபிள்யூ" என்ற இலவச ஜெர்மன் புரோகிராம் இருக்கிறது. கார்டு முழுக்க எழுதி, திரும்பப் படித்து, நிஜ அளவு எவ்வளவு என்று சொல்லி விடும்.

இன்னொரு விஷயம். 32 ஜி.பி. கார்டு கம்ப்யூட்டரில் 29 சொச்சம் என்று காட்டினால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். அது மோசடி இல்லை. கம்பெனிக்காரர்கள் ஆயிரம் கணக்கில் எண்ணுகிறார்கள், கம்ப்யூட்டர் 1024 கணக்கில் எண்ணுகிறது. வித்தியாசம் அதனால் வருவது.

எத்தனை பாட்டுக்கு எவ்வளவு இடம்?

"பெரிய கார்டு வாங்கு" என்று ஆசை காட்டுவார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

சாதாரண தரத்தில் (128 கே.பி.பி.எஸ்.) ஒரு நிமிடப் பாட்டுக்கு ஏறத்தாழ 1 எம்.பி. இடம் வேண்டும். நாலு நிமிடப் பாட்டுக்கு 4 எம்.பி. அப்படியானால் 32 ஜி.பி. கார்டில் 7 ஆயிரம் பாட்டுக்கு மேல் தாராளமாகப் பிடிக்கும். நல்ல தரத்தில் (320 கே.பி.பி.எஸ்.) ஏற்றினால் 3 ஆயிரம் பாட்டு. தினம் 30 பாட்டு கேட்டாலும் நூறு நாள் ஆகும்.

மேலும், சின்ன பிளேயர்கள் பலவும் 32 ஜி.பி.க்கு மேல் உள்ள கார்டை ஏற்பதில்லை. அதற்கு மேற்பட்ட கார்டுகள் வேறு முறையில் தயாராகி வருவதே காரணம். 64 ஜி.பி. கார்டைச் செருகிவிட்டு, "பிளேயர் ரிப்பேர்" என்று கடைக்கு ஓடி வருகிறவர்கள் உண்டு. பெட்டியின் அட்டையில் "அதிகபட்சம்" என்று போட்டிருக்கும் அளவைப் பார்த்து வாங்குவது நல்லது.

"5 ஆயிரம் பாட்டு போட்டே தர்றேன் சார்" என்று கார்டை நீட்டினால் அதிலும் ஜாக்கிரதை. உரிமை இல்லாமல் பாட்டைப் பதிவு செய்து விற்பது 1957-ம் வருட காப்புரிமைச் சட்டப்படி குற்றம். 63-வது பிரிவின் கீழ் 6 மாதம் முதல் 3 வருடம் வரை ஜெயிலும், ரூ.50 ஆயிரம் முதல் ரூ.2 லட்சம் வரை அபராதமும் உண்டு.

ஐபாட் வாங்கலாமா?

ஐபாட் என்றால் இன்றும் ஒரு மவுசு. 2001-ம் வருடம் அக்டோபர் 23-ந் தேதி "ஆயிரம் பாட்டு உங்கள் பையில்" என்று அமெரிக்காவில் வந்தது. விலை 399 டாலர். உலகத்தையே ஒரு கலக்குக் கலக்கியது. செல்போன் வளர வளர அதன் மவுசு குறைந்தது. குட்டி ஐபாட்களான நானோ, ஷபிள் இரண்டும் 2017-ல் நின்றன. 2022 மே மாதம் கடைசி ஐபாடுக்கும் மூடுவிழா நடத்தி விட்டார்கள்.

ஆகவே, "புத்தம் புது ஐபாட் ஷபிள்" என்று இன்று யாராவது சில நூறு ரூபாய்க்கு நீட்டினால், அது அதே ஜாடையில் செய்த வேறு சரக்கு என்று முடிவு கட்டி விடலாம்.

செகண்ட் ஹேண்டில் அசல் கிடைத்தாலும் இரண்டு தொல்லை. முதல் தொல்லை பேட்டரி. உள்ளேயே வைத்து மூடப்பட்டது, நாமாக மாற்ற முடியாது. புதிதாக விற்ற காலத்திலேயே பேட்டரி சீக்கிரம் தேய்கிறது என்று அமெரிக்காவில் வாடிக்கையாளர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2005-ல் சமரசம் ஏற்பட்டு, 50 டாலர் மதிப்புள்ள கூப்பன் தர ஒப்புக்கொள்ளப்பட்டது. அப்போதே அந்தக் கதி என்றால் இன்று கேட்க வேண்டாம்.

அடுத்த தொல்லை, பாட்டு ஏற்றுவது. கார்டில் போடுவது மாதிரி இழுத்துப் போட முடியாது. கம்ப்யூட்டரில் ஆப்பிள் புரோகிராம் மூலமாகத்தான் ஏற்ற வேண்டும். கம்ப்யூட்டர் இல்லாத வீட்டுக்கு ஐபாட் வெறும் அலங்காரப் பொருள்தான்.

மாறாத 5 ஆயிரம்

பெற்றோருக்கு வாங்கித் தர நினைக்கிறவர்கள் கண் போவது கார்வான் மேல். 2017-ல் முதலில் இந்திப் பாட்டோடு வந்தது. பிறகு தமிழிலும் 5 ஆயிரம் பழைய பாட்டோடு வந்தது. எச்.எம்.வி. என்று ஊரறிந்த கிராமபோன் கம்பெனியின் வாரிசுதான் சரிகமா. பாட்டு எல்லாம் அவர்கள் உரிமை பெற்றவை. திருட்டுச் சரக்கு என்ற பயம் இல்லை. ரேடியோவும் கேட்கலாம்.

குறையும் உண்டு. உள்ளே இருக்கும் பாட்டை அழிக்கவோ மாற்றவோ முடியாது. "எனக்குப் பிடிச்ச அந்த ஒரு பாட்டு இதுல இல்லியே" என்று அப்பா கேட்டால், அதைத் தனியாக பென் டிரைவில் ஏற்றிச் செருகித்தான் கேட்க வேண்டும். பாட்டுப் பட்டியல் புத்தகத்தைக் கடையிலேயே வாங்கிப் புரட்டிப் பார்ப்பது உத்தமம். பையில் அடங்கக்கூடிய சின்ன கார்வானில் பாட்டு சில நூறுதான். "கார்வான்னா அஞ்சாயிரம்" என்று நினைத்து வாங்கி ஏமாறக்கூடாது.

12 மணிக்கு நின்ற பெட்டிகள்

பெரிய கம்பெனிப் பெயரை மட்டும் நம்பி வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கும் கதை இருக்கிறது.

ஐபாடைக் கவிழ்க்க மைக்ரோசாப்ட் கம்பெனி 2006 நவம்பரில் "ஜூன்" என்ற பெட்டியை அமெரிக்காவில் இறக்கியது. அதற்கு முன்பு அதே கம்பெனி, பல பெட்டிகளில் பாடும் என்று சொல்லி ஒரு பூட்டுப் போட்ட பாட்டுமுறையைக் கொண்டு வந்திருந்தது. அதை நம்பிக் காசு கொடுத்துப் பாட்டு வாங்கியவர்கள், ஜூனில் அந்தப் பாட்டு பாடாது என்று தெரிந்ததும் திகைத்துப் போனார்கள்.

அதோடு போகவில்லை. 2008 டிசம்பர் 31-ந் தேதி, 30 ஜி.பி. ஜூன் பெட்டிகள் ஆயிரக்கணக்கில் ஒரே நாளில் அசையாமல் நின்று விட்டன. அது லீப் வருடம். வருடத்தின் 366-வது நாளைக் கணக்கிடத் தெரியாமல் உள்ளே இருந்த கடிகாரம் மாட்டிக்கொண்டதே காரணம். "பேட்டரி தீரும் வரை விட்டு, மறுநாள் மீண்டும் போடுங்கள்" என்று கம்பெனி சொன்னது. 2011-ல் ஜூனுக்கு மங்களம் பாடி விட்டார்கள்.

இதில் நமக்கு உள்ள பாடம் ஒன்றுதான். பூட்டு இல்லாத சாதாரண எம்.பி.3 பாட்டைப் பாடும் பெட்டியாகப் பார்த்து வாங்க வேண்டும். பெட்டி கெட்டாலும் பாட்டு நம்மிடம் இருக்கும்.

பில் வாங்குங்கள்

"பில் போட்டா வரி சேரும், வேணாம் சார்" என்று சொன்னால் அந்தக் கடையை விட்டு இறங்கி விடலாம். பில் இல்லை என்றால் வழக்கில்லை.

பில் இருந்து, பொருள் மோசடி என்று தெரிந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யலாம். காசு கிடையாது. அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம். ரூ.5 லட்சம் வரை உள்ள பொருளுக்குப் புகார் கட்டணம் இல்லை. இன்டர்நெட்டில் வாங்கியதற்கும் இது பொருந்தும். பார்சலைப் பிரிக்கும்போதே செல்போனில் வீடியோ எடுத்து வைத்தால் பின்னால் கைகொடுக்கும்.

யாருக்கு எது?

தினம் ரெயில், பஸ்சில் போகிறவருக்கு கிளிப் பிளேயரும், பெயர் பெற்ற கம்பெனியின் 32 ஜி.பி. கார்டும் போதும். கார்டை மட்டும் தெரிந்த கடையில் பில்லோடு வாங்க வேண்டும். நாலு கடையில் விலை விசாரித்து, ஒரு கடையில் மட்டும் கால் பங்கு விலை என்றால் தொடக்கூடாது.

வயதான பெற்றோருக்கு கார்வான். ஒலியின் தரத்துக்காகச் செலவு செய்யத் தயங்காதவருக்கு வாக்மேன். பழைய பொருள் மேல் ஆசை உள்ளவருக்கு மட்டும் ஐபாட்.

எதை வாங்கினாலும் சத்தத்தைக் குறைத்துக் கேட்பது நல்லது. வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கிறவர்கள் 80 டெசிபலைத் தாண்டக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். போன செவி திரும்ப வராது.

காதில் இயர்போனோடு தண்டவாளத்தைக் கடப்பவர்களுக்கு மின்சார ரெயிலின் ஹார்ன் கேட்காது. அத்துமீறித் தண்டவாளத்தில் நடப்பதே 6 மாத ஜெயிலோ, ரூ.1,000 அபராதமோ, இரண்டுமோ விதிக்கக்கூடிய குற்றம். பிளாட்பாரப் படிக்கட்டில் ஏறும் இரண்டு நிமிடத்தில் அரைப் பாட்டு கேட்டு விடலாம்.